சாரைப்பாம்பு ஏன் நல்லபாம்பாகவே தெரிகிறது?

வைக்கோல் போரைப் பிரிக்கும்போதோ, தொழுவத்தைக் கூட்டும்போதோ, வாய்க்கால் கரையில் நடக்கும்போதோ பட்டப்பகலில் ஆள் நீளப் பாம்பு ஒன்று சரசரவென்று ஓடினால் அது பெரும்பாலும் சாரையாகத்தான் இருக்கும். ஆனால் எழும் கூச்சல் "நல்லபாம்பு, நல்லபாம்பு" என்பதுதான். கம்பு வருகிறது, கல் வருகிறது, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு யாராவது ஒருவர் குனிந்து பார்த்து "அடடா, சாரை" என்கிறார்.

சாரைக்கு நஞ்சு இல்லை என்பது ஊரில் தெரியாத செய்தி அல்ல. பெரியவர்களைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். தெரிந்திருந்தும் அடிபடுகிறது என்றால், ஓடுகிற பாம்பைப் பார்த்த அந்த நொடியில் அதைச் சாரை என்று பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். அதற்குப் பார்ப்பவரின் பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாரையின் உடம்பிலும் நடத்தையிலும் இருக்கிறது. அதைப் பற்றி வழங்கும் கதைகளையும் இந்தக் கோணத்தில் பார்ப்பது நல்லது. நாகத்தோடு இணை சேரும், பால் குடிக்கும், வாலால் அடித்தால் சதை அழுகும் என்பவை வெறும் கட்டுக்கதைகள் அல்ல. யாரோ எதையோ உண்மையாகவே பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்குக் கொண்ட பொருள்தான் தவறிவிட்டது.

சாரையின் அறிவியல் பெயர் ப்டியாஸ் மியூகோசா. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் இது. ஈரான், துர்க்மெனிஸ்தான் பக்கம் தொடங்கி இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், மியன்மார், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், தைவான், இந்தோனேசியாவின் ஜாவா வரை பரவியிருக்கிறது. இத்தனை நாடுகளில், வறண்ட நிலத்திலும் மழைக்காட்டிலும் நெல்வயலிலும் நகரத்துச் சாக்கடையோரத்திலும் தாக்குப்பிடிக்கிற பெரிய பாம்புகள் மிகச் சிலவே. வளர்ந்த சாரை பொதுவாக ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை, அதாவது 5 முதல் ஆறரை அடி வரை இருக்கும். மூன்றரை மீட்டரைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் மலைப்பாம்பை விட்டுவிட்டால் இவ்வளவு நீளத்துக்கு வேறு பாம்பு கண்ணில் படுவது அரிது. நீளமே முதல் பயத்தைக் கொடுக்கிறது. ஆனால் 7 அடிப் பாம்பு ஒன்று சமவெளியில் ஓடினால் அது நாகமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நம் நாகங்கள் சாதாரணமாக 3 முதல் 5 அடிக்குள் நின்றுவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள்

சாரையை நிறம் பார்த்து அடையாளம் காண முயல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வெளிர் மஞ்சள், பழுப்பு, ஆலிவ் பச்சை, சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு என எல்லா நிறத்திலும் உண்டு. மஞ்சள் சாரை, கருஞ்சாரை என்று ஊரில் சொல்வது ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளைத்தான். நாகமும் அதே நிறங்களில் வரும். உடம்பின் பின்பாதியில், வாலை நெருங்க நெருங்க, கறுப்புக் குறுக்குக்கோடுகள் வலைபோல் தெரிவது சாரைக்கு உரியது. ஆனால் கறுத்த சாரையில் இதுவும் மங்கிவிடும்.

தலை ஏமாற்றாது. சாரையின் கழுத்து ஒடுங்கி, தலை அதிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். கண் பெரியது, பாவை வட்டமானது. பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற பாம்பின் கண் அது. மேலுதட்டுச் செதில்கள் ஒவ்வொன்றும் அடுத்ததோடு சேரும் இடத்தில், கறுப்பு மையால் செங்குத்தாகக் கோடு இழுத்தாற்போல் ஒரு வரி. கண்ணுக்குக் கீழேயும் முன்னும் பின்னும் இந்த வரிகள் வரிசையாக நிற்பதை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நாகத்தின் தலை கழுத்திலிருந்து அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. முகம் மழுங்கலாக இருக்கும், கண் சிறியது. உதட்டில் இப்படி வரிசையான கோடுகள் இருக்காது. கண்ணுக்குக் கீழே ஓரிரு கறுப்புப் பட்டைகள் இருக்கலாம், அதைச் சாரையின் வரிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாலையும் பார்க்க வேண்டும். சாரையின் மொத்த நீளத்தில் ஏறக்குறையக் கால் பங்கு வால். சாட்டைபோல் மெலிந்துகொண்டே போகும். நாகத்தின் வால் கட்டை.

இவையெல்லாம் உயிருள்ள பாம்பைத் தள்ளி நின்று பார்க்கும்போது. பல வீடுகளில் பாம்பு கண்ணில் படுவதில்லை, உரித்துப்போட்ட சட்டைதான் கிடைக்கிறது. "எந்தப் பாம்பு வந்துபோனது?" என்று தூக்கமில்லாமல் கிடப்பவர்களுக்கு அந்தச் சட்டையே பதில் சொல்லும். உடம்பின் நடுப்பகுதியில், வயிற்றுப் பக்கத்து அகலப் பட்டைச் செதிலின் ஒரு விளிம்பிலிருந்து முதுகைச் சுற்றி மறு விளிம்பு வரை சாய்வாகச் செதில் வரிசைகளை எண்ணுங்கள். சாரை என்றால் பெரும்பாலும் 17 வரும், எப்போதாவது 16. வாலுக்குச் சற்று முன்னால் எண்ணினால் 14 ஆகக் குறைந்திருக்கும். நல்லபாம்பில் நடுவுடம்பு எண்ணிக்கை 20ஐத் தாண்டிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. வயிற்றுப் பட்டைகள் முடிந்து வால் தொடங்கும் இடத்தில், கழிவுத் துவாரத்தை மூடியிருக்கும் செதில் சாரையில் இரண்டாகப் பிளந்திருக்கும். நாகத்திலும் கட்டுவிரியனிலும் அது ஒற்றைத் தகடு. சட்டையை வைத்துப் பாம்பின் நீளத்தை அளக்கும்போது மட்டும் கவனம் தேவை. உரியும்போது தோல் இழுபட்டு நீள்வதால், சட்டை 6 அடி இருந்தால் பாம்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஓடுகிற பாம்பில் இதெல்லாம் பார்க்க முடியாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே. எந்தப் பாம்பென்று தெரியாவிட்டால் நஞ்சுள்ளதாகவே வைத்துக்கொண்டு விலகி நின்று போகவிடுவது. "சாரைதான்" என்ற அரைகுறை நம்பிக்கையில் கையால் பிடிக்கப்போய் நாகத்திடம் கடிபடுவதும் நடக்கிற விபத்துதான்.

கழுத்தை உப்பும் சாரை

மூலையில் மாட்டிய சாரை கோழை அல்ல. முன்னுடம்பைத் தூக்கி, கழுத்தை உப்பி, வாயைத் திறந்து பாயும். இதைப் பார்த்தவர்கள் "படம் எடுத்தது, நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது படம் அல்ல.

நாகம் கழுத்து எலும்புகளை இருபக்கமும் விரித்துத் தோலை அகலப்படுத்துகிறது. எனவே எதிரே நின்று பார்த்தால் அகலமாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டையாகவும் தெரியும். சாரை செய்வது இதற்கு நேர்மாறு. கழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி, மேலும் கீழுமாக உப்புகிறது. எதிரே நின்று பார்த்தால் கழுத்து ஒல்லியாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பருத்துத் தெரியும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் கைபேசியில் எடுத்த படத்தைப் பிறகு நிதானமாகப் பார்க்கும்போது இது ஒன்றே விடை சொல்லிவிடும்.

அதோடு ஒரு உறுமல். பாம்பு சீறும் என்பது தெரியும், சாரை சீறுவதோடு நில்லாமல் அடித்தொண்டையில் உறுமும். சாரையின் மூச்சுக்குழலில் பக்கப் பைகள் இருக்கின்றன. காற்று வெளியேறும்போது அவை எதிரொலிக்கும் அறைகளாக வேலை செய்து ஒலியைத் தாழ்த்திக் கனமாக்குகின்றன. இதே அமைப்பு ராஜநாகத்துக்கும் உண்டு. அதன் உறுமலில் மேலோங்கி நிற்பது 600 ஹெர்ட்ஸ் அருகிலான தாழ்ந்த ஒலி, சாதாரணப் பாம்பின் சீற்றமோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கும். ராஜநாகம் வாழும் காடுகளில் சாரையும் வாழ்கிறது. அதனால் சாரையின் உறுமல் ராஜநாகத்தின் மிரட்டலைப் போலி செய்வதாக இருக்கலாம் என்ற கருத்தை 1999இல் வெளியான ஆய்வு ஒன்று முன்வைத்தது. சாரையை விரும்பித் தின்பதும் ராஜநாகம்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த உறவு இன்னும் சுவையாகிறது.

காட்டில் கழுகையும் கீரியையும் தயங்கவைக்கும் இந்த மிரட்டல், மனிதரிடம் எதிர்விளைவைத் தருகிறது. பயந்தால் நாம் விலகுவதில்லை, கம்பை எடுக்கிறோம்.

நாகமும் சாரையும் பிணைவது

எல்லாக் கதைகளிலும் ஆழமாக வேரூன்றியது இதுதான். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பின்னிப் பிணைந்து ஆடும், அப்போது மேலே வெள்ளைத் துணி விரித்து எடுத்துப் பூசையறையில் வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். இன்றும் கைபேசிக் காணொளிகள் இந்தத் தலைப்பிலேயே சுற்றுகின்றன.

அந்தக் காணொளிகளில் இருப்பவை இரண்டு சாரைகள். இரண்டும் ஆண். நடப்பது சண்டை. இனப்பெருக்கக் காலத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணை எதிர்கொண்டால் இரண்டும் கயிறு முறுக்குவதுபோல் உடம்பைப் பின்னிக்கொண்டு முன்பாதியைத் தரையிலிருந்து தூக்கும். ஒவ்வொன்றும் மற்றதன் தலையைத் தரையோடு அழுத்தப் பார்க்கும். அழுத்தப்பட்டது மீண்டு எழும், பிறகு இது அழுந்தும். கடிப்பது இதில் வழக்கமில்லை, பலத்தை அளப்பதே நோக்கம். சில நிமிடங்களில் முடியலாம், ஒரு மணி நேரம்கூட நீளலாம். தோற்றது விலகி ஓடிவிடும். இந்த நேரத்தில் இரண்டுக்கும் சுற்றுப்புறம் மறந்துவிடுகிறது. ஆட்கள் நெருங்கினாலும் ஓடுவதில்லை. எப்போதும் கண் மறைவாக ஓடும் பாம்பு திறந்தவெளியில் இத்தனை நேரம் நிற்பதால்தான் இந்தக் காட்சி ஊர் முழுக்கப் பார்த்த காட்சியாகிறது.

உண்மையான இணைசேர்க்கை இப்படிக் கண்கவர் காட்சி அல்ல. பெண்ணின் முதுகின்மேல் ஆண் உடம்பைப் பொருத்தி, வால்களைச் சுற்றிக்கொண்டு, தரையோடு தரையாகக் கிடக்கும். புதருக்குள் நடப்பதால் யாரும் பார்ப்பதுமில்லை.

இதில் நாகம் எப்படி வந்தது? நிறம்தான் காரணமாகத் தெரிகிறது. சண்டையிடும் இரண்டில் ஒன்று வெளிர் மஞ்சளாகவும் மற்றது கறுத்தும் இருந்தால், பார்ப்பவர் இரண்டு வேறு இனங்கள் என்று முடிவுகட்டுவது இயல்பு. இரண்டும் தலை தூக்கி நிற்பதால் ஒன்று நாகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த படி. உயிரியல்படி இது நடக்க வழியே இல்லை. நாகம் எலாப்பிடே குடும்பம், சாரை கொலுப்ரிடே குடும்பம். நாய்க்கும் பூனைக்கும் குட்டி பிறப்பதை எதிர்பார்ப்பதற்குச் சமம் அது. சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாகத்திலும் அப்படியே.

துணி விரிக்கும் பழக்கம் தீங்கற்றதுபோல் தெரியலாம். ஆனால் அதற்காகக் கூட்டம் கூடுகிறது. சண்டை கலைந்து ஓடும் பாம்பு கூட்டத்துக்குள் ஓடினால் மிதிபடும், அடிபடும். நல்லபாம்பிலும் ஆண்கள் இப்படிப் பின்னிச் சண்டையிடுவதுண்டு என்பதால், துணியோடு நெருங்குபவர் எந்தப் பாம்பை நெருங்குகிறார் என்பதும் உறுதியில்லை.

பாலும் வாலும்

மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு சாரை பால் குடிக்கும் என்பதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். உறிஞ்சிக் குடிக்கப் பாம்புக்குத் தசை உதடோ கன்னமோ இல்லை. உள்ளே வளைந்த கூரிய பற்கள் மடியில் பட்டால் எந்த மாடும் நின்று பால் கொடுக்காது. சாரை தொழுவத்துக்கு வருவது தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் வரும் எலியைத் தேடி. மடிநோய் கண்டு பால் குறைந்த மாடும், தொழுவத்தில் ஓடிய சாரையும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டால் கதை தானாகவே உருவாகிவிடும். இந்தக் கதையால் சாரை சாவது ஒரு பக்கம், மடிநோய்க்கு மருத்துவம் பார்க்காமல் விடுவது இன்னொரு பக்கம்.

வால் விஷயமும் அப்படித்தான். நடுவுடம்பைப் பிடித்தால் சாரை அந்த நீள வாலைச் சாட்டைபோல் வீசித் துள்ளும், துர்நாற்றமுள்ள கழிவையும் பீய்ச்சும். அடி உண்மை, நாற்றம் உண்மை. வாலில் கொடுக்கோ நஞ்சோ கிடையாது.

இரையும் எலிவளையும்

சாரை பகல் வேட்டைக்காரன். பதுங்கிக் காத்திருக்கும் விரியன் வகைகளைப் போல ஓரிடத்தில் கிடக்காது. வரப்போரம், வேலியோரம் தலையைச் சற்றுத் தூக்கியபடி திரிந்து ஒவ்வொரு பொந்திலும் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே போகும். மரமும் ஏறும், நன்றாக நீந்தும். தவளை, தேரை, ஓணான், பல்லி, பறவை, முட்டை, வௌவால், சிறு பாம்பு என்று பட்டியல் நீளம். குட்டிகள் பெரும்பாலும் தவளையிலும் பல்லியிலும் காலம் தள்ளும். எலியை விழுங்கும் அளவுக்கு வாய் பெருக்கும்போதுதான் எலிக்கு மாறும்.

கொல்லும் முறையிலும் சாரை தனி. நஞ்சில்லை, மலைப்பாம்பைப்போல் சுற்றி இறுக்கவும் செய்யாது. வாயால் கவ்வி, உடம்பால் தரையோடும் வளைச் சுவரோடும் அழுத்திப் பிடித்து, பல நேரம் உயிரோடேயே விழுங்கத் தொடங்கிவிடும். வேகமும் தாடையும்தான் அதன் ஆயுதம். அவ்வளவு சுறுசுறுப்புக்குத் தீனியும் அதிகம் வேண்டும். வயலுக்கு அதனால் லாபம்.

நெல் வயலில் பெரும் சேதம் செய்வது கரம்பை எலி. கதிரை வெட்டி வளைக்குள் கிலோக்கணக்கில் சேர்த்துவைக்கும். ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி சாதாரணம், ஏறக்குறைய மூன்று வாரச் சினைக்காலம். ஆந்தை உட்காரக் குச்சி நடுவது நல்ல வழிதான், ஆனால் ஆந்தைக்கு அகப்படுவது வளையைவிட்டு வெளியே வரும் எலி. வளைக்குள் புகுந்து குட்டிகளோடு தீர்ப்பது பாம்புதான். இங்கே மிகையாகவும் சொல்லக் கூடாது. சாரை இருந்தால் எலியே இருக்காது என்பது உண்மையல்ல. எலி பெருகும் வேகத்துக்குச் சாரை பெருகுவதில்லை. சாரை இருப்பதால் எலியின் எண்ணிக்கைமேல் ஒரு தொடர்ந்த அழுத்தம் இருக்கிறது, அது இல்லாமல் போனால் அந்த வேலையை வைப்பு மருந்தால் செய்ய வேண்டிவருகிறது. இரத்தம் உறையாமல் செய்யும் வகை எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும், பகலில்கூட வெளியே வரும். அப்படிப்பட்ட எலிதான் வேட்டைக்கு எளிதில் அகப்படும், மருந்தும் அதோடு சேர்ந்து வேட்டைக்காரனின் வயிற்றுக்குப் போகும். மருந்து வைத்தால் செத்த, சாகும் எலிகளைத் தினமும் தேடி எடுத்து ஆழப் புதைப்பது அந்த வேலையின் பாதி. பலர் அதைச் செய்வதில்லை.

முட்டை கிடைத்தால்

பெண் சாரை ஒரு முறைக்குப் பொதுவாக 6 முதல் 15 முட்டை வரை இடும். கறையான் புற்று, எலிவளை, எருக்குழி, மட்கிய இலைக்குவியல், மரப்பொந்து என்று ஈரமும் வெதுவெதுப்பும் மாறாத இடம் பார்த்து இடும். முட்டை வெள்ளையாக, நீள்வட்டமாக, ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் இருக்கும். கோழிமுட்டைபோல் ஓடு கெட்டியாக இராது, தோல்போல் அமுங்கும். சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். வெளிவரும் குட்டி ஏற்கெனவே ஒன்றேகால், ஒன்றரை அடி இருக்கும். முன்னுடம்பில் வெளிர் பட்டைகள் தெரிவதால் குட்டிச் சாரையை வேறு ஏதோ பாம்பென்று நினைப்பதுண்டு.

எருக்குழியை வெட்டும்போது முட்டைக் குவியல் வெளிப்பட்டால் உடைக்க வேண்டாம், உருட்டவும் வேண்டாம். இட்ட ஓரிரு நாளில் கரு முட்டையின் மேற்புற உட்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு சிதைந்துவிடும். பறவை முட்டையைப்போல் திருப்பித் திருப்பி வைக்க வேண்டிய முட்டை அல்ல இது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, அதே நிலையில் எடுத்து, ஈரமான மட்கோடு வைத்து வனத்துறையிடம் சேர்க்கலாம். எடுக்காமல் மண்ணை மூடிவிட்டு, குழியின் மறுபக்கத்தில் வேலையைத் தொடர்வது இதைவிடவும் நல்லது. நல்லபாம்பின் முட்டையும் வெள்ளையாகத் தோல் ஓட்டோடுதான் இருக்கும். நாகப் பெண் முட்டைகளோடேயே தங்கிக் காக்கும் பழக்கமுள்ளது. எனவே கையை விடுவதற்குமுன் சுற்றிலும் பார்ப்பது கட்டாயம்.

தோலுக்காகப் போனவை

சாரையின் நீளமும் வழவழப்பான தோலும் ஒரு காலத்தில் அதற்கு எமனாக இருந்தன. கைப்பை, செருப்பு, இடைவார் செய்ய இந்தியாவிலிருந்து பாம்புத்தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. அதில் சாரைத்தோலுக்கு முக்கிய இடம் உண்டு. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் மக்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பிழைப்பு ஒரேயடியாக அறுந்த மக்களுக்கு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, சில வாரங்களில் பிடித்த பகுதியிலேயே விட்டுவிடுவது அதன் முறை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுதான் முறிமருந்துக்குத் தேவை என்பதால் சாரைக்கு அந்தத் தொழிலில் வேலையில்லாமல் போனது. அதுவே அதற்குக் கிடைத்த பெரிய விடுதலை. இருளர்களின் அறிவுக்கு உரிய மதிப்பு நாட்டளவில் வரத் தாமதமானது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் பலர் அவர்களைப் பற்றி அறிந்தார்கள்.

இந்தியாவில் சாரையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் கொல்வதும் இன்று குற்றம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அது இருக்கிறது. இந்தோனேசியாவில் ஆண்டுக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீட்டின்கீழ் தோலுக்கும் இறைச்சிக்கும் பிடிப்பது தொடர்கிறது.

இப்போது கொல்வது எது

கம்புக்கு அடுத்தபடி, நைலான் வலை. மயிலையும் பன்றியையும் தடுக்கவும், கோழிக்கூண்டைச் சுற்றவும், கீரைப்பாத்தியை மறைக்கவும் பழைய மீன்வலை கட்டுகிறார்கள். தலை நுழைந்த கண்ணியில் சாரை உடம்பைச் செலுத்தும். பருத்த நடுப்பகுதி வந்ததும் நின்றுவிடும். செதில்கள் பின்னோக்கி அடுக்கியிருப்பதால் பின்வாங்க முயன்றால் நூல் செதிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. முறுக்க முறுக்க நூல் சதைக்குள் இறங்கும். உடல்வெப்பத்தைத் தானே குறைக்க முடியாத உயிரினம் என்பதால் உச்சி வெயிலில் அது வெகுநேரம் தாங்காது.

வலையில் பாம்பைப் பார்த்தால் முதலில் நிழல் கொடுங்கள். ஒரு சாக்கையோ குடையையோ உயரமாகப் பிடித்து, தள்ளி நின்று உடம்பின்மேல் தண்ணீர் தெளியுங்கள். பிடித்து இழுக்கவே கூடாது. பாம்பைச் சுற்றியுள்ள வலைத் துண்டைக் கம்பத்திலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டால் முறுக்கு தளரும். உடம்பில் இறுகிய நூலை அறுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அவர்கள் தலையைத் துணியால் மூடிக்கொண்டு, முனை மழுங்கிய கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டுவார்கள். நூல் ஆழமாக இறங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது, மேலே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே சதை செத்துப்போயிருக்கும். இதையெல்லாம் தவிர்க்க, தேவை முடிந்ததும் வலையைச் சுருட்டி உள்ளே வைத்தாலே போதும். நிரந்தரமாக வேண்டும் என்றால் கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிறுகண் கம்பிவலை அடிக்கலாம்.

வழவழப்பான உறை இறக்கிய கிணறும் தொட்டியும் இன்னொரு பொறி. சாரை நீந்தும், ஆனால் பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது, களைத்து மூழ்கும். சொரசொரப்பான மரக்கிளையோ முடிச்சுப் போட்ட தடித்த கயிறோ தண்ணீர் வரை தொங்கினால் தானே ஏறிவந்துவிடும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்திவிட்டு, மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, வெளிக்கதவை மட்டும் திறந்துவைத்து, பாம்பின் நீளத்தைவிடக் கூடுதல் தூரத்தில் ஒருவர் கண் எடுக்காமல் நிற்பது போதும். கண் எடுத்துவிட்டால் அது எந்தப் பொருளுக்கு அடியில் போனது என்று தெரியாமல் நாள் முழுக்க வீட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். பெனாயில், மண்ணெண்ணெய் ஊற்றுவது பாம்பை மூலைக்குள் தள்ளும், தோலையும் புண்ணாக்கும். பூண்டு, உப்பு போன்றவற்றால் பயனில்லை. போகவில்லை என்றால் தீயணைப்புத் துறைக்கு 101 எண்ணில் சொல்லலாம். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வீட்டில் எலி இருக்கிறது என்று பொருள். சாக்கடைக் குழாய் வாயில் கால் அங்குலக் கண் கம்பிவலை அடித்து, தானியத்தை மூடிவைத்து, சுவரோரம் அடுக்கிய செங்கல்லையும் ஓலையையும் அகற்றினால் எலியும் வராது, அதைத் தேடிப் பாம்பும் வராது.

சாரை கடித்தால் மெல்லிய கீறல்போல் பல் வரிசைகள் பதியும், இரத்தம் கொஞ்சம் வடியும். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டால் போதுமானது. ஆனால் கடித்தது சாரைதான் என்று ஐயமில்லாமல் தெரிந்தால் மட்டும். காயத்தின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கட்டுவிரியன் கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அங்கே இரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள், ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். நஞ்சேறிய அறிகுறி இல்லையென்றால் முறிமருந்து தரமாட்டார்கள். அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டியதில்லை, தேவையில்லாமல் ஏற்றினால் அதுவே ஒவ்வாமையை உண்டாக்கும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். தள்ளி நின்று எடுத்த ஒரு படம் போதும், அதுவும் நேரம் இருந்தால்.

பிடித்த சாரையைப் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஏதாவது காட்டில் கொண்டுபோய் விடுவதை நல்ல காரியமாக நினைக்கிறோம். பழகிய வளையும் தண்ணீரும் ஒளிவிடமும் எங்கே என்று தெரியாத இடத்தில் பாம்பு அலைந்து திரிந்து சாலையிலோ வேறு விலங்கிடமோ சாக வாய்ப்பு அதிகம். வயலோரச் சாரையை அதே ஊரில், வீடுகளைத் தாண்டி, வரப்பும் வேலியும் உள்ள பக்கம் காலையிலோ மாலையிலோ வெயில் தாழ்ந்த நேரத்தில் விடச் சொல்லுங்கள்.